டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் ஐந்தரை வருடம்: ஒரு பிஎச்டி மாணவியின் அனுபவம்

பெங்களூரு யஷ்வந்த்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "ஐஐஎஸ்சி" என்று சொன்னால் சிலர் ஒரு நொடி யோசிப்பார்கள். "டாட்டா இன்ஸ்டிட்யூட்" என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார்கள். ஐஐஎஸ்சி என்கிற இந்திய அறிவியல் கழகம் 1909-ல் தொடங்கியது. அதற்காகச் சொத்தை ஒதுக்கி வைத்த ஜம்ஷெட்ஜி டாட்டா, அதைப் பார்க்காமலே 1904-ல் இறந்துபோனார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. நூறு வருடம் தாண்டியும் ஊர்க்காரர்கள் வாயில் டாட்டா பெயர்தான் நிற்கிறது.

2017 ஆகஸ்டில் கனிம வேதியியலில் பிஎச்டி சேர்ந்தேன். 2023 பிப்ரவரியில் வெளியே வந்தேன். சொந்த ஊர் அரூர் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் ஒரு அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி, எம்எஸ்சி. "அங்கே எப்படி இருக்கும், நம்மால் தாக்குப்பிடிக்க முடியுமா" என்று எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நேர்காணலிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். கேட் அல்லது நெட் என்ற தேசிய அளவிலான தேர்வில் வாங்கும் மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பு வாங்கித் தரும், அவ்வளவுதான். மீதி எல்லாம் அந்த அறைக்குள். பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் ஒரு போர்டு இருக்கும். உனக்குப் பிடித்த பாடம் எது என்று கேட்டு அதிலிருந்தே ஆரம்பிப்பார்கள். என்னிடம் கேட்டது இது: தண்ணீரில் இருக்கும் தாமிர அயனியைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகள், அந்த ஆறும் ஏன் ஒரே தூரத்தில் இல்லை? ஜான்-டெல்லர் விளைவு என்று சொன்னேன், அதாவது எலக்ட்ரான்கள் சமமாக நிரம்பாததால் இரண்டு பிணைப்பு நீண்டுவிடும். போர்டில் எலக்ட்ரான்களை நிரப்பிக் காட்டினேன். துத்தநாகத்துக்கு ஏன் அது இல்லை என்றார்கள். அதற்கும் பதில் தெரிந்தது. அப்புறம் ஒருவர், "சரி, இரண்டு பிணைப்பு நீண்டிருக்கிறது என்கிறாய். நீண்டிருப்பது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் வாழ்நாளில் யோசித்ததே இல்லை. புத்தகத்தில் படம் போட்டிருந்தது, நான் நம்பினேன். "தெரியவில்லை சார், படத்தில்தான் பார்த்திருக்கிறேன்" என்றேன். கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் முகம் மாறவே இல்லை. "உப்பாக எடுத்துவிட்டால்? திடப்பொருளில் அணுக்களுக்கு நடுவே உள்ள தூரத்தை எதை வைத்து அளப்போம்?" என்று ஒரு படி கீழே இறங்கிக் கேட்டார். எக்ஸ்-கதிர் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அங்கிருந்து இன்னும் பத்து நிமிடம் பேச்சு போனது. மூன்று வாரத்தில் சேர்க்கைக் கடிதம் வந்தது.

"தெரியவில்லை" என்று சொல்லித்தான் உள்ளே போனேன். உள்ளே போனதும் அந்த வார்த்தையை மறந்துவிட்டேன். என் முதல் இரண்டு வருடக் கஷ்டத்தில் பாதிக்கு அதுதான் காரணம்.

கூடச் சேர்ந்தவர்களில் பலர் பெரிய ஊர், பெரிய கல்லூரி. மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் என்எம்ஆர் கருவியில் தாங்களே மாதிரி போட்டுப் பழகியவர்கள். எனக்கு அந்தக் கருவி பாடப்புத்தகத்தில் ஒரு பெட்டி. சனிக்கிழமை காலையில் குரூப் மீட்டிங். எல்லோரும் ஆங்கிலத்தில் சரளமாகக் கேட்பார்கள், மறுப்பார்கள், வாதாடுவார்கள். நான் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கேள்விகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வேன். அறைக்குப் போய்த் தேடிப் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். ஆறு மாதத்தில் பதினேழு பக்கம் சேர்ந்தது. ஒன்றைக்கூட வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் "இது கூடத் தெரியாதா" என்று நினைப்பார்கள் என்ற பயம். யாரும் அப்படி என்னிடம் சொன்னதில்லை. நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். என் ஆராய்ச்சியில் ஒரு சேர்மத்தைத் தயாரித்தால் மட்டும் போதாது, அதைப் படிகமாக வளர்த்து அமைப்பைக் காட்ட வேண்டும். ஒரு சின்னக் குப்பியில் சேர்மத்தைக் கரைத்து, அதன்மேல் அது கரையாத இன்னொரு திரவத்தை மெதுவாக, கலங்காமல் ஊற்ற வேண்டும். இரண்டும் நாள்கணக்கில் ஒன்றுக்குள் ஒன்று ஊறும். அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் படிகம் விழும். எனக்கு விழுந்ததெல்லாம் ஆரஞ்சு நிறப் பொடி. கரைப்பானை மாற்றினேன், வெப்பநிலையை மாற்றினேன், செறிவை மாற்றினேன். எட்டு மாதம் போனது. குப்பிகளைக் கழுவும்போது எத்தனை முறை அழுதிருப்பேன் என்று தெரியாது. கைடு, அதாவது என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், கேட்டால் "முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேன் சார்" என்பேன். அதற்குமேல் எதையும் விளக்கமாட்டேன்.

ஒரு நாள் பக்கத்து லேபில் இருந்த நாகர்கோவில் அக்கா ஏதோ அமிலம் கடன் வாங்க வந்தார். என் குப்பி வரிசையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத இங்கயா வெச்சிருக்க?" என்றார். ஆமாம் அக்கா என்றேன். மேசை மேல் என் கையைப் பிடித்து வைத்தார். "ஒண்ணும் தெரியலையா?" உள்ளங்கையில் மெல்லிய நடுக்கம். மேசைக்கு அடியில் வெற்றிட பம்ப் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக என் குப்பிகள் ஒரு நிமிடம்கூட அசையாமல் நிற்கவில்லை.

அன்று மாலையே எல்லாவற்றையும் அறையின் மறுகோடியில் இருந்த மர அலமாரிக்கு மாற்றினேன். பத்தொன்பதாவது நாள் ஒரு குப்பியின் சுவரில் ஊசி முனை அளவு மின்னியது. முனைவாக்க நுண்ணோக்கியில் வைத்துத் தட்டைச் சுற்றினேன். ஒளிர்ந்தது, முழுசாக இருண்டது, மறுபடி ஒளிர்ந்தது. ஒரே நேரத்தில் மொத்தமும் இருண்டால் அது ஒற்றைப் படிகம். அந்த அக்காவை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். எண்ணெய்ச் சொட்டில் தொட்டு எடுத்து, நைட்ரஜன் குளிரில் 100 கெல்வினில் வைத்து, இரவு முழுக்க எக்ஸ்-கதிர்க் கருவி ஓடியது. காலையில் திரையில் என் மூலக்கூறு. தாமிரத்தைச் சுற்றி இரண்டு பிணைப்பு மற்ற நான்கைவிட நீளம். நேர்காணலில் கேட்ட கேள்விக்கு அன்றுதான் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

ஐந்து நிமிடக் கேள்விக்கு எட்டு மாதம். இதைச் சொல்லும்போது இப்போதும் நெஞ்சு கனக்கிறது. அங்கே உதவி செய்யாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் தேடி வந்து "உனக்கு என்ன வேணும்" என்று கேட்கவும் யாருக்கும் நேரம் இல்லை. அவரவர் சோதனை அவரவர் தலையில். நீங்கள் போய்க் கதவைத் தட்டினால் அரை மணி நேரம் போர்டில் எழுதிக் காட்டுவார்கள், தட்டாவிட்டால் நீங்கள் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வளாகத்தின் வரலாற்றிலும் இப்படிக் கேட்டு வாங்கிய ஒருவர் இருக்கிறார். 1933-ல் சர் சி.வி. ராமன் அங்கே முதல் இந்திய இயக்குநராக ஆனார். அதே வருடம் பம்பாயில் பட்டம் முடித்த கமலா என்ற பெண் அங்கே சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் ராமன் மறுத்தார். கமலா நேரில் போய் நின்று ஏன் என்று கேட்டார், விடவில்லை. ஒரு வருடம் சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு ராமனே பெண்களுக்குக் கதவைத் திறந்தார். கமலா சோஹோனி பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். ராமன் நம் திருச்சிக்காரர், அவரைப் பற்றிப் பள்ளியிலேயே படித்தோம். கமலாவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் நூலகத்தில் தற்செயலாகப் படித்தேன். அடுத்த சனிக்கிழமை மீட்டிங்கில் முதல் கேள்வியைக் கேட்டேன். குரல் நடுங்கியது, இலக்கணம் தப்பாகத்தான் இருந்தது. கைடு, "நல்ல கேள்வி, எனக்கும் அதில் சந்தேகம் உண்டு" என்றார்.

போட்டியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பக்கத்து மேசைக்காரரோடு போட்டி என்று நினைத்துப் போகாதீர்கள். முதல் வருடப் பாடங்களில் மதிப்பெண் போட்டி கொஞ்சம் இருக்கும், அப்புறம் கரைந்துவிடும். நிஜமான போட்டி வேறு நாட்டில் முகம் தெரியாத யாரோ ஒருவரோடு. நான்காம் வருடம் நான் பேப்பர் (ஆய்வுக் கட்டுரை) எழுதிக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய என் மூலக்கூறையே இன்னொரு குழு வெளியிட்டுவிட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கைடும் நானும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். அவர்கள் தொடாத ஒரு வினை எங்கள் கையில் இருந்தது. அதை முன்னால் வைத்துத் திருப்பி எழுதினோம். அந்தப் பேப்பர்தான் என் பேப்பர்களிலேயே நன்றாக வந்தது.

பணம்: சேரும்போது உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். 2019-ல் உயர்த்தினார்கள், இரண்டு வருடம் முடித்து எஸ்ஆர்எஃப் (மூத்த ஆய்வு மாணவர்) ஆனபோது 35,000. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் 37,000, அதற்குப் பிறகு 42,000. ஹாஸ்டலில் இருந்தால் தாராளமாகப் போதும், வீட்டுக்கும் அனுப்பலாம். நான் அனுப்பினேன். ஆனால் முதல் சில மாதங்களுக்குக் கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். காகித வேலைகள் முடிந்து பணம் வரக் கொஞ்சம் நாளாகலாம். சாப்பாட்டில் ஒன்றே ஒன்று, கர்நாடகச் சாம்பாரில் வெல்லம் விழும். ஊரிலிருந்து பருப்புப் பொடி கொண்டு போனால் பிழைத்துக்கொள்ளலாம்.

வளாகத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். சாலைகளுக்கு மரங்களின் பெயர். இரவு ஒரு மணிக்கு லேபிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது மேலே மரத்தில் தேவாங்கு இருக்கும். நகரத்துக்கு நடுவே தேவாங்கு! ஐந்தரை வருடத்தில் இரண்டே முறைதான் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் கங்கு மாதிரி. பெண்கள் அந்த நேரத்தில் தனியாகச் சைக்கிள் ஓட்டலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அரூரில் ஏழு மணிக்கு மேல் தெருவுக்கு வந்ததில்லை.

மார்ச் 2020-ல் எல்லோரையும் போல நானும் ஊருக்கு வந்தேன். சோதனை இல்லாமல் ஏழு மாதம். மாடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே உட்கார்ந்து ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை எழுதினேன். திரும்பிப் போனபோது அலமாரியில் விட்டுவந்த குப்பிகளில் மூன்றில் படிகம் இருந்தது. யாரும் தொடாததால் வளர்ந்தவை.

கைடு தேர்வு பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் எப்படிப் போகும் என்பதைக் கல்லூரிப் பெயரைவிட அந்த ஒரு மனிதர்தான் தீர்மானிக்கிறார். என் தோழி ஒருத்தி வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தாள். வேலை முடிந்தும் ஆய்வேடு ஒன்றரை வருடம் மேசையிலேயே கிடந்தது, கையெழுத்து வரவில்லை. அவள் உடைந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பேராசிரியரின் பேப்பர் பட்டியலைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். அந்த லேபில் கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது, பாதியில் போனவர்கள் உண்டா, உடம்பு சரியில்லை என்றால் எப்படி நடத்துவார், இவற்றை மாணவர்களிடம் கேளுங்கள். டீ குடிக்கும் இடத்தில் கேளுங்கள், லேபுக்குள் வேண்டாம். அவர்கள் பதில் சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

சேர்ந்த பிறகு சரிவரவில்லை என்றால் மாற்றத்தைப் பற்றிக் கேட்பதில் கேவலம் எதுவும் இல்லை. ஜி.என். ராமச்சந்திரன் 1942-ல் அங்கே சேர்ந்தது மின் பொறியியலில். பாதியில் இயற்பியலுக்கு மாறினார். புரதங்களின் அமைப்பைப் பார்க்க இன்றும் உலகம் பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடத்தை 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் குழுவோடு வெளியிட்டவர் அவர்தான். என் பேட்சில் ஒருவன் முதல் வருட முடிவில் லேப் மாறினான். இப்போது நன்றாக இருக்கிறான்.

மனம் சோர்ந்துபோகிற நாட்கள் வரும். எனக்கு வந்தது, மூன்றாம் வருடம், தூக்கமே இல்லாமல். ஆலோசகரிடம் போனேன். வீட்டில் சொல்லவில்லை, பின்னால் சொன்னேன். போனதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை, இன்னும் முன்னாலேயே போயிருக்கலாம். இதைப் படிக்கிற தம்பி தங்கைகள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் சேருவேனா? சேருவேன். இருபத்திரண்டு வயதில் எதைச் சொன்னாலும் நம்பிய பெண், "எப்படித் தெரியும்" என்று கேட்கக் கற்றது அங்கேதான். வேலை நிச்சயம் வேண்டும், குடும்பக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். ஐந்து, ஆறு வருடம் என்பது சின்னக் காலம் இல்லை. கூடப் படித்தவர்களுக்கு அதற்குள் வீடும் பிள்ளைகளும் வந்துவிடும். அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் "எப்ப முடியும்" என்று கேட்டார், என்னிடம் தேதி இல்லை.

கடைசி வாரம் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கினேன். நூலகம், ஹாஸ்டல், மெஸ். மர அலமாரிச் சாவியைப் புதிதாகச் சேர்ந்திருந்த ஜூனியரிடம் கொடுத்தேன். திருவாரூர்ப் பெண், வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு, "அக்கா, மேசைலயே இவ்வளவு எடம் இருக்கே, குப்பிய ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவந்து வெக்கறீங்க?" என்றாள். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பம்ப் ஓடும் மேசை மேல் வைத்தேன்.