பட்டறைக் கூரை சோலாருக்கு "40 சதவீத மானியம்" என்று சொல்லி வருபவர்கள்: சிறுதொழில் நடத்துவோர் கவனத்துக்கு

கோவையில் பம்புசெட் உதிரி பாகங்கள் கடைந்து தரும் லேத் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கூரைகளில் சூரிய மின் அமைப்பு நிறுவித் தரும் ஒரு நிறுவனம் எங்களிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கியது. அதே பேச்சுடன் இப்போது எங்கள் பகுதியின் மற்றப் பட்டறைகளுக்கும் ஆட்கள் போய் வருகிறார்கள் என்று தெரிந்ததால் இதை விரிவாக எழுதுகிறேன்.

20 கிலோவாட் அமைப்புக்கு 10 லட்சம் ரூபாய் விலை சொன்னார்கள். அதில் 40 சதவீதத்தை மத்திய அரசு மானியமாகத் தந்துவிடும் என்றும், எங்கள் கையிலிருந்து போவது 6 லட்சம் மட்டுமே என்றும் விலைப்புள்ளியிலேயே அச்சிட்டுத் தந்தார்கள். மானியம் பெற உள்நாட்டுத் தயாரிப்புப் பேனல்களே வேண்டும் என்று விலையைக் கூட்டியதுடன், "மானிய விண்ணப்பச் செலவு" என்று 25,000 ரூபாயைத் தனியாகவும் வாங்கிக்கொண்டார்கள். பேனல்கள் கூரையில் ஏறிய பிறகு, மானியம் தாமதமாகிறது, ஆகவே மீதி 4 லட்சத்தையும் நீங்களே கட்டிவிடுங்கள் என்றார்கள். மறுத்ததும், இன்வெர்ட்டரின் கடவுச்சொல்லையும் உத்தரவாதச் சான்றுகளையும் தராமல் நிறுத்திக்கொண்டார்கள்.

உண்மை நிலை இதுதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் குடியிருப்புகளுக்கானது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என்று, தனி வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய்தான் அதில் கிடைக்கும். அந்தத் தொகையும் நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. எங்களைப் போல 3பி தொழிற்சாலை மின் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கும், வணிக இணைப்பு வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் அத்திட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

அப்படியானால் அந்த 40 சதவீதம் எங்கிருந்து வந்தது? வருமான வரிக் கணக்கில் சூரிய மின் அமைப்புக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் (பயன்பாட்டில் கருவியின் மதிப்புக் குறைவதைச் செலவாகக் காட்டுவது) கழித்துக்கொள்ளலாம் என்ற விதி இருக்கிறது; அதைத்தான் ரொக்க மானியமாகக் காட்டியிருக்கிறார்கள். 10 லட்சம் ரூபாய் அமைப்புக்கு முதல் ஆண்டில் 4 லட்சம் வருமானத்திலிருந்து கழியும் என்றால், 30 சதவீத வரி கட்டும் கூட்டாண்மை நிறுவனத்துக்கு அந்த ஆண்டு மிச்சமாவது ஏறத்தாழ 1,20,000 ரூபாய் வரி மட்டுமே. அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதிதான். லாபமே இல்லாத ஆண்டில் உடனடியாக எதுவும் மிச்சமாகாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விற்றுமுதலில் 8 சதவீதத்தை, வங்கி வழி வரவானால் 6 சதவீதத்தை, லாபமாக வைத்து வரி கட்டும் அனுமான வரிமுறையில் இருப்பவர்களுக்குத் தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. நாங்கள் அந்த முறையில்தான் வரி கட்டுகிறோம். எனவே நிறுவனம் காட்டிய 4 லட்சம் எங்கள் வரிக் கணக்கில்கூட வராது என்று ஆடிட்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மானியம் கேட்டு நாங்கள் நெருக்கியபோது அவர்கள் சொன்ன மாற்று வழி இதைவிட ஆபத்தானது. பட்டறை மாடியிலுள்ள வீட்டு இணைப்பின் பெயரில் விண்ணப்பித்து மானியத்தை வாங்கிக்கொண்டு, மின்சாரத்தைக் கீழே இயந்திரங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு ஆகும். உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு வசூலிக்கப்படும். பிடிபட்டால் கட்டப்போவது இணைப்பின் உரிமையாளரே தவிர, பேனல் விற்றவர் அல்லர். அந்த யோசனையை அப்போதே மறுத்துவிட்டோம்.

சூரிய மின்சாரத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பகல் முழுவதும் இயந்திரம் ஓடும் பட்டறைக்கு, கிலோவாட் ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் அமைப்பு மானியம் இல்லாமலேயே கணிசமான மின்கட்டணத்தை மிச்சப்படுத்தும். 2025 செப்டம்பர் 22 முதல் இக்கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் தொழில்களுக்கு உண்மையான பயன்தான். பழைய வரியையே போட்ட விலைப்புள்ளியை ஏற்காதீர்கள். சிறுதொழில்களுக்கு மாநில அரசு தரும் ஆற்றல் தணிக்கை (மின்சாரம் எங்கே வீணாகிறது என்ற ஆய்வு) உதவி போன்றவற்றை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறியலாம்; அதற்கு இடைத்தரகர் தேவையில்லை. மானியம் உண்டு என்று எவர் சொன்னாலும், எந்தத் திட்டம், எந்த அரசாணை, உங்கள் இணைப்பு வகைக்கு அது பொருந்துமா, வராவிட்டால் அந்தத் தொகையை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இன்வெர்ட்டரின் கடவுச்சொல்லையும் பேனல்களின் வரிசை எண் பட்டியலையும் பெற்றுக்கொண்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

நாங்கள் வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது எதிர்த்தரப்பின் பதில். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. அதன் அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கவிருக்கிறோம். இதே வகையில் ஏமாற்றப்பட்டவர்கள் விலைப்புள்ளி, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.