ஹேதம் கென்வே என்ற தலைவருக்காகவே விளையாடலாம்: அசாசின்ஸ் கிரீட் 3 ரீமாஸ்டர்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமின் பெரிய முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை. இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் முதல் மூன்று அத்தியாயங்களை முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

யுபிசாஃப்ட் 2012 அக்டோபரில் வெளியிட்ட கேம் இது. 2019 மார்ச்சில் புதுக்கி, வாஷிங்டன் மன்னரானால் என்ன ஆகும் என்ற கூடுதல் கதையையும், லிபரேஷன் என்ற இன்னொரு முழு கேமையும் சேர்த்து ஒரே தொகுப்பாக மறுபடி விட்டார்கள். நான் விளையாடியது அந்தத் தொகுப்பை, அண்ணன் வீட்டுப் பிஎஸ்4-இல், கல்லூரி முதலாண்டு படிக்கும் அண்ணன் மகனோடு மாறி மாறி. நான் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவள். ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்க விடுதலைப் போர் வரும். போஸ்டன் தேநீர் விருந்தைக் கரும்பலகையில் நாலு வரியில் முடித்துவிடுகிற எனக்கு, அந்தத் துறைமுகத்துக்குள் நடந்து போகலாம் என்பதே போதுமான காரணமாக இருந்தது. ஆனால் எழுத உட்கார வைத்தது துறைமுகம் அல்ல, ஹேதம் கென்வே. இந்தத் தொடரின் நாயகர்கள் அசாசின்கள் என்ற ரகசியக் கொலையாளிக் குழுவினர்; அவர்களின் எதிரிகள் டெம்ப்ளர்கள், இடைக்காலக் கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பின் ரகசியத் தொடர்ச்சி. அந்த டெம்ப்ளர் அமைப்பின் அமெரிக்கக் காலனிக் கிளைக்கு இவர் கிராண்ட் மாஸ்டர், அதாவது தலைவர். வரலாற்றில் இல்லாத ஆள். எதிரி முகாமின் தலைவர் ஒருவரை இவ்வளவு கவனமாகச் செதுக்கிய கேமை நான் வேறு பார்த்ததில்லை.

கதை 1754-இல் லண்டன் கோவென்ட் கார்டன் நாடக அரங்கில் தொடங்குகிறது. மேடையில் பாட்டு நடந்துகொண்டிருக்க, ஹேதம் சுவரேறி, மேல்மாடத்தில் அமர்ந்திருப்பவரைக் கொன்று, அவர் கழுத்தில் கிடந்த பதக்கத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார். பிறகு கப்பலேறி போஸ்டன். அவரிடம் மணிக்கட்டில் ஒளிந்த கத்தி இருக்கிறது, கழுகுப் பார்வை இருக்கிறது. முந்தைய கேம்களின் நாயகர்களிடம் இருந்த எல்லாமே இருக்கிறது. அதனால் இவரும் அசாசின்தான் என்று நாமே எண்ணிக்கொள்கிறோம். யாரும் அப்படிச் சொல்வதில்லை, யாரும் மறுப்பதும் இல்லை.

போஸ்டனில் அவருடைய வேலை ஆள் சேர்ப்பது. துறைமுகத்திலேயே காத்திருக்கிறார் இளம் ராணுவ அதிகாரி சார்லஸ் லீ. பிறகு கிரீன் டிராகன் விடுதியில் தொடங்கி ஒவ்வொருவராக. அமெரிக்கப் பூர்வகுடிகளான மோஹாக் மக்களின் மொழியும் நிலமும் அறிந்த வில்லியம் ஜான்சன், சந்துபொந்து எல்லாம் தெரிந்த தாமஸ் ஹிக்கி, மருத்துவர் பெஞ்சமின் சர்ச், படையில் இருக்கும் ஜான் பிட்கெய்ர்ன். ஒவ்வொருவரும் ஒரு சிக்கலில் இருக்கிறார்கள். ஜான்சனின் ஆய்வுக் குறிப்புகள் திருடு போயிருக்கின்றன. சர்ச் ஒரு கிடங்கில் அடிவாங்கிக்கொண்டிருக்கிறார். பிட்கெய்ர்னைப் பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் பிராடக் விடமாட்டேன் என்கிறார். ஹேதம் ஆள் அனுப்புவதில்லை, தானே போகிறார். ஒருவரை மீட்டதும் அவரிடம் நன்றியை எதிர்பார்த்து நிற்பதும் இல்லை, அடுத்த வேலையைச் சொல்கிறார். கடைசியில் அந்தக் குழுவோடு கோட்டைக்குள் புகுந்து, அடிமை வியாபாரி ஒருவன் பிடித்து வைத்திருந்த மோஹாக் மக்களை விடுவிக்கிறோம். இதற்குள் அந்த ஐந்து பேரையும் நமக்குப் பிடித்துப்போயிருக்கும்.

அப்புறம்தான் மூன்றாம் அத்தியாயத்தின் முடிவு. சார்லஸ் லீயை முறைப்படி அமைப்பில் சேர்க்கும் சடங்கு. லீக்கு மோதிரம் அணிவித்து, ஞானத்தின் தந்தை நம்மை வழிநடத்தட்டும் என்று ஹேதம் சொல்கிறார். அது டெம்ப்ளர்களின் வாசகம். "அத்தை, இவ்வளவு நேரம் நாம வில்லனுக்கா ஆள் சேர்த்துக் குடுத்தோம்?" என்று அண்ணன் மகன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். ஒரு ரகசிய அமைப்பின் தலைமை எப்படி இயங்கும் என்பதை விளக்கிச் சொல்லாமல், அந்தத் தலைமையின் வேலையை நம் கையாலேயே செய்ய வைத்துவிட்டார்கள். ஆளைத் தேடிப் போவது, அவர் தேவையைத் தீர்ப்பது, விசுவாசத்தைச் சம்பாதிப்பது. எதற்காக என்ற கேள்வி மட்டும் நமக்கு வரவே இல்லை. அமைப்பில் சேர்ந்த அந்த ஐவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பதை அந்த நொடியில் உணர்ந்தேன்.

கற்பனை வரலாற்றை எழுதியவர்கள் மெய்யான வரலாற்றை எவ்வளவு மதித்திருக்கிறார்கள் என்பதை இந்த ஐவரின் சாவில் பார்க்கலாம். பாடம் எடுப்பவளாக எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஐந்து பேருமே உண்மையில் வாழ்ந்தவர்கள். வில்லியம் ஜான்சன் 1774 ஜூலையில் ஜான்சன் ஹாலில், மோஹாக் மக்களும் அடங்கிய இரோக்வா கூட்டமைப்பின் தலைவர்களோடு கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே இறந்தார். கேமில் அதே கூட்டத்துக்குள்தான் கத்தி இறங்குகிறது. பிட்கெய்ர்ன் 1775 ஜூனில் பங்கர் ஹில் போரில் விழுந்தார். கேமிலும் அதே களம். வாஷிங்டனின் மெய்க்காவல் படையில் இருந்த ஹிக்கி, சதிக் குற்றத்துக்காக 1776 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் பெரும் கூட்டத்தின் முன் தூக்கிலிடப்பட்டார். கேமில் அதே நாள், அதே கூட்டம், ஆனால் தூக்குமேடையில் நிற்பது ஹேதமின் மகன் கானர்! பெஞ்சமின் சர்ச் கதைதான் உச்சம். பிரிட்டிஷாருக்கு உளவு சொன்னதாகப் பிடிபட்ட அவரை 1778-இல் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். அவர் ஏறிய கப்பல் கடலில் காணாமலே போனது. அந்த வெற்றிடத்தில் கேம் தன் கதையை வைக்கிறது: சர்ச் டெம்ப்ளர்களையே ஏமாற்றி ஓடுகிறார், ஹேதமும் அவர் மகன் கானரும் ஒரே கப்பலில் துரத்திப் போகிறார்கள். பதிவேட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மட்டும் கை வைக்கிற இந்த ஒழுக்கம் எனக்கு மரியாதையை உண்டாக்கியது.

கானர் யார் என்று சொல்லவில்லையே. மீட்கப்பட்ட மோஹாக் மக்களில் ஒருத்தியான ஸீயோவுக்கும் ஹேதமுக்கும் பிறந்தவன். இயற்பெயர் ரடூன்ஹாகேடுன். நான்காம் அத்தியாயத்திலிருந்து கதை அவனுடையது. ஊர் எரிந்து தாயை இழந்தவன், அசாசின் ஆகி, தந்தை கட்டிய அமைப்பை ஒவ்வொருவராகப் பிரித்துப் போடுகிறான். நாம் சேர்த்த ஆட்களை நாமே தேடிக் கொல்ல வேண்டியிருக்கிறது. அவன் ஊர்க்காட்சிகள் மோஹாக் மொழியிலேயே பேசப்படுகின்றன. கானவாகே என்ற மோஹாக் ஊர் மக்களின் ஆலோசனையோடு செய்திருக்கிறார்கள். சப்டைட்டிலோடு நிதானமாகக் கேளுங்கள்.

குறை இங்கேதான் தொடங்குகிறது. முதல் பகுதியில் அவ்வளவு உயிரோடு இருந்த ஜான்சனும் பிட்கெய்ர்னும் இரண்டாம் பகுதியில் வெறும் இலக்குகளாகிவிடுகிறார்கள். பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்த அமைப்பு என்ன ஆனது, ஹேதம் அவர்களை எப்படி வைத்திருந்தார், யார் யாரோடு முரண்பட்டார்கள் என்று எதுவும் இல்லை. ஜான்சனுக்கு நேர்ந்தது எனக்கு வருத்தம். அவர் மோலி பிராண்ட் என்ற மோஹாக் பெண்ணோடு குடும்பம் நடத்தியவர், அந்த மக்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் இடையே பல்லாண்டு பேச்சுவார்த்தை நடத்தியவர், அதே சமயம் அவர்கள் நிலத்தைத் தனக்கும் சேர்த்துக்கொண்டவர். இத்தனை முரண் உள்ள மனிதரைத் தேயிலைக் கடத்தல் பணத்தில் நிலம் வாங்குகிறவராகச் சுருக்கிவிட்டார்கள். அந்தப் பணத்தை நிறுத்தத்தான் கானர் 1773 டிசம்பர் 16 இரவு தேயிலைப் பெட்டிகளைக் கடலில் தள்ளுகிறான். 342 பெட்டிகள், கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. சென்னைக் கோட்டையிலிருந்து நம்மை ஆண்ட அதே கம்பெனி. பெட்டியைத் தூக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது.

இன்னொரு குறை, அமைப்பின் கட்டுமானம். உண்மையான டெம்ப்ளர்கள் விஷயத்தில் தலைவர் என்பவர் தன்னிச்சையாக ஆட முடியாது. தலைவரைத் தேர்ந்தெடுக்க 13 பேர் கொண்ட குழு இருந்தது. முதலில் இருவர், அவர்கள் இன்னும் இருவரை, இப்படி 12 வரை கூட்டி, பதின்மூன்றாவதாக ஒரு பாதிரியார். 12 என்பது சீடர்களுக்காக, பதின்மூன்றாமவர் கிறிஸ்துவின் இடத்தில். தேர்வான பிறகும் நிலத்தை விற்கவோ போர் தொடங்கவோ சபையின் சம்மதம் வேண்டும். தொடரின் முதல் கேமில் எதிரியாக வரும் ராபர்ட் டி சாப்ளே 1191-இல் உண்மையிலேயே கிராண்ட் மாஸ்டர் ஆனவர்தான். ஹேதம் விஷயத்தில் இந்தச் சபையும் இல்லை, தேர்தலும் இல்லை. லண்டனிலிருந்து அனுப்புகிறார்கள், வருகிறார், தலைவராகிறார். அமைப்பு 1312-இல் கலைக்கப்பட்ட பிறகு ரகசியமாகத் தொடர்ந்தது என்பது கேமின் கற்பனை. சரி, தொடர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். தன்னைக் கட்டுப்படுத்திய விதிகளை அது எங்கே தொலைத்தது? ஒழுங்குதான் மனித குலத்துக்கு மருந்து என்று பேசுகிற தலைவரின் சொந்த அமைப்பில், அவரைக் கேள்வி கேட்க ஓர் ஆள்கூட இல்லை. கேம் இதைத் தொட்டிருந்தால் எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்!

1778 பகுதிக்கு வந்ததும் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன். தந்தையும் மகனும் சேர்ந்து பெஞ்சமின் சர்ச்சைத் தேடும் மிஷன்கள். ஹேதம் கைதிகளிடம் விவரத்தைக் கறந்துவிட்டு அவர்களை உயிரோடு விடுவதில்லை. கானர் திகைக்கிறான். கடலில் கானர் தயங்கும்போது சுக்கானைத் தானே பிடுங்கி எதிரிக் கப்பல் மீது மோதவிடுகிறார். தேடுகிற ஆளோ, தானே கிடங்கிலிருந்து மீட்டுச் சேர்த்தவர். அந்தக் கோபத்தில் துரோகத்தின் வலி இருக்கிறது. குரல் கொடுத்த ஏட்ரியன் ஹஃப் இதை ஏளனமும் களைப்பும் கலந்த ஒரே தொனியில் கொண்டுவந்திருக்கிறார். மகன்மேல் ஏதோ ஒட்டுதல் வருகிறது, அதை அவர் வெளியே விடுவதும் இல்லை.

அதன்பின் வாஷிங்டன் முகாம். கானரின் ஊரை எரித்தது சார்லஸ் லீ அல்ல, வாஷிங்டன்தான் என்பதையும், இப்போதும் மோஹாக் ஊர்மீது படை அனுப்பியிருக்கிறார் என்பதையும் ஹேதம் மகன் முன்னால் போட்டு உடைக்கிறார். எதிரணித் தலைவர் சொல்வது உண்மை, நம்மணித் தலைவர் மறைத்தது உண்மை. கானரின் ஊர் கற்பனை, ஆனால் 1779-இல் வாஷிங்டன் அனுப்பிய ஜெனரல் சல்லிவனின் படை 40-க்கும் மேற்பட்ட இரோக்வா ஊர்களை அழித்தது வரலாறு. இதை ஒரு விளையாட்டு, அதுவும் கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த விளையாட்டு, கதையின் நடுவில் வைத்தது துணிச்சல். என் மாணவர்களுக்கு வாஷிங்டனைச் சொல்லும்போது இனி இதையும் சேர்த்தே சொல்வேன்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். கப்பல் சண்டைகள் அருமை, காற்றும் அலையும் கையில் தெரிகிறது. காட்டில் மரத்துக்கு மரம் தாவுவதும் பனியில் கால் புதைய நடப்பதும் அப்படியே. டேவன்போர்ட் பண்ணையில் குடியேறிகளைச் சேர்த்து ஓர் ஊரையே உருவாக்கும் பகுதியை அவசரப்படாமல் செய்யுங்கள், கானர் சிரிப்பது அங்கேதான். நிகழ்காலத்தில் நடக்கும் டெஸ்மண்ட் கதை எனக்கு ஒட்டவில்லை. ஒட்டுக்கேட்கும் மிஷன்களும் யாரையாவது பின்தொடரும் மிஷன்களும் பொறுமையைச் சோதிக்கின்றன. ரீமாஸ்டரில் வெளிச்சமும் மரம் செடிகளும் நன்றாகத் தெளிந்திருக்கின்றன, ஆனால் சில முகங்கள் புதிய வெளிச்சத்தில் மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டன. ஹேதமின் கண்ணில் நடப்பதுதான் பாதிக் கதை என்பதால் இது சின்னக் குறை அல்ல.

வாங்கலாமா என்றால், தள்ளுபடியில் வரும்போது தாராளமாக வாங்கலாம். முதல் மூன்று அத்தியாயங்களும் 1778 பகுதியும் 1781-இல் ஜார்ஜ் கோட்டையில் தந்தையும் மகனும் மோதும் காட்சியும் அந்தப் பணத்துக்கு ஈடு. சாகும்போதும் ஹேதம் மன்னிப்புக் கேட்பதில்லை, தான் நம்பியதைக் கைவிடுவதில்லை, மகனைப் பற்றி ஒரு விதத்தில் பெருமை என்று மட்டும் சொல்கிறார். ரத்தம் நிறைய என்பதால் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஹேதமை இன்னும் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அடுத்து 2014-இல் வந்த ரோக் கேமை எடுங்கள். அதில் அசாசின்களை விட்டு டெம்ப்ளராகும் ஷே கார்மக்கின் கண்வழியாக, அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் ஹேதம் தலைமை நடத்திய விதம் தெரியும். கானரின் குரு அக்கிலீஸ் ஏன் கம்பூன்றி நடக்கிறார் என்பதற்கும் அங்கே விடை இருக்கிறது.