பத்து நாள் விபஸ்ஸனா முகாம்: யார் போகலாம், எங்கே சறுக்கும்

நிம்மதியாகப் பத்து நாள் ஓய்வெடுத்துவிட்டு வரலாம் என்ற நினைப்பில் விண்ணப்பிப்பவர்கள்தான் பாதியில் பெட்டியைக் கட்டுகிறார்கள். விபஸ்ஸனா என்பது உடலில் எழும் உணர்ச்சிகளை எதிர்வினை காட்டாமல் கவனிக்கும் தியானம். முகாமில் விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும், இரவு 9.30க்கு விளக்கு அணையும். இடையில் பத்தரை மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடி உட்கார வேண்டும். பேச்சு, சைகை, போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது.

சென்னைக்காரர்களுக்குப் பக்கம் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது தியான மையம். எந்த ஊர் மையம் என்றாலும் பாடமும் நேர அட்டவணையும் ஒன்றே. இந்த முகாம்களைப் பரப்பிய ஆசிரியர், 2013இல் மறைந்த எஸ்.என். கோயங்காவின் ஒலிப்பதிவுதான் இன்றும் வகுப்பை நடத்துகிறது; தமிழாக்கமும் உண்டு. முகாமில் இருக்கும் உதவி ஆசிரியரிடம் பகல் 12 முதல் 1 வரை தனியாகச் சந்தேகம் கேட்கலாம். கோயங்கா இழுத்து இழுத்துப் பாலி மொழியில் ஓதுவது முதல் இரண்டு நாள் காதைப் பிடுங்கும். போகப் போகப் பழகிவிடும்.

முதல் மூன்றரை நாள் ஆனாபானம். இயல்பாக வந்து போகும் மூச்சைக் கவனிப்பது, பிறகு நாசிக்குக் கீழே மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்தில் என்ன உணர்ச்சி தெரிகிறது என்று பார்ப்பது. மூச்சை அடக்கவோ நீட்டவோ கூடாது. பிராணாயாமம் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். கை தானாகப் பழைய வித்தையைத் தேடும். நான்காம் நாள் பிற்பகல் விபஸ்ஸனா தொடங்கும்: உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பகுதி பகுதியாக உடலின் உணர்ச்சியை, வலியோ அரிப்போ சூடோ, எதிர்வினை காட்டாமல் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதன்பின் தினம் மூன்று கூட்டு அமர்வுகள் அதிட்டானம். ஒரு மணி நேரம் கண், கை, கால் எதையும் அசைக்காமல் இருக்க முயல வேண்டும்.

அப்போது முழங்கால்தான் வில்லன். பெரும்பாலும் காரணம், இடுப்பைவிட முட்டி உயர்ந்து நிற்பது. முட்டி இடுப்புக்குக் கீழே இறங்கும்வரை மெத்தையின்மேல் மெத்தை வைத்து இருக்கையை உயர்த்துங்கள், அந்தரத்தில் தொங்கும் முட்டிக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் முதல் நாளே நாற்காலி கேட்டு வாங்கிவிடலாம். அதில் வீம்பு வேண்டாம்.

சாப்பாடு எளிய சைவம். மதியம் 11 மணிச் சாப்பாட்டோடு சரி. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பழமோ பொரியோ, டீ. இரவுக்கும் சேர்த்து மதியமே வயிறு முட்டச் சாப்பிட்டால் 1 மணிக்குத் தொடங்கும் அமர்வு முழுக்கத் தூக்கம்தான். விடிகாலை 4.30 அமர்வை அறையில் செய்யலாம் என்ற சலுகையும் அப்படித்தான், கட்டிலைப் பார்த்தால் உடம்பு சாயும். அரங்கத்துக்குப் போய்விடுவது நல்லது. நாளுக்கு நாலைந்து காபி குடிப்பவர்கள் ஒரு வாரம் முன்பே குறைத்துக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் முதல் இரண்டு நாள் தலைவலியைத் தியானத்தின் விளைவு என்று நினைத்துப் பயப்படுவார்கள்.

வீட்டில் தினமும் பூஜை செய்பவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு. அந்தப் பத்து நாளும் ஜெபம், மந்திரம், ஊதுவத்தி, விரதம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். ஜெபமாலை, தாயத்து கொண்டுவரக் கூடாது. இது பக்திக்கு எதிரான விதி அல்ல. மந்திரம் மனதைச் சட்டென்று அமைதியாக்கிவிடும், அந்த அமைதிக்கு அடியில் ஓடும் எரிச்சலும் ஆசையும் கண்ணில் படாது என்பதுதான் அவர்கள் தரும் விளக்கம். ஆனால் ‘எந்த மதமும் சாராதது’ என்று மையம் தரும் அறிவிப்பை அப்படியே ஏற்க முடியவில்லை. தொடக்க நாளில் புத்தம், தம்மம், சங்கம் மூன்றிலும் பாலியில் சரணம் சொல்ல வேண்டும், ஐந்து சீலங்கள், அதாவது ஒழுக்க விதிகள், ஏற்க வேண்டும். அது பௌத்தம்தான், அதில் தப்பொன்றும் இல்லை, வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

ஆறாம் ஏழாம் நாளில் சிலருக்கு உடல் முழுக்க மெல்லிய அதிர்வு ஓடுவதுபோல் சுகமாக இருக்கும். ‘நமக்கு வந்துவிட்டது’ என்று மறுநாள் அதையே தேடி உட்கார்ந்தால் அமர்வு பாழ். வலியைத் தள்ளுவதும் சுகத்தைத் தேடி ஓடுவதும் ஒரே பழக்கம்தான் என்பதே இங்கே கற்றுத்தரும் மொத்தப் பாடம். வீட்டில் பிள்ளை எதிர்த்துப் பேசும்போது நெஞ்சில் கிளம்பும் சூட்டை, வாய் திறக்குமுன் கவனிக்க முடிகிறதா என்பதுதான் உண்மையான மதிப்பெண் பட்டியல்.

கடுமையான மனச்சோர்வு, மனச்சிதைவு போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. விண்ணப்பத்தில் மருந்து விவரத்தை மறைக்காதீர்கள், முகாமுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

கட்டணம் இல்லை. ஒரு முகாமையாவது முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். தொகை உங்கள் விருப்பம். பத்தாம் நாள் காலை மௌனம் கலையும்; பதினோராம் நாள் காலையில்தான் வெளியே விடுவார்கள். பிறகு வீட்டில் தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று உட்காரச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களில் பலர் மூன்றாம் வாரமே விட்டுவிடுவது இந்தக் கணக்கால்தான். மாலை அமர்வு முடியாவிட்டால் காலை ஒன்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை பக்கத்தில் நடக்கும் கூட்டுத் தியானத்துக்குப் போங்கள். அடுத்த முகாமுக்கு உடனே பெயர் கொடுப்பதைவிட அது உபயோகம்.