மர மாதிரியா, வரைபடமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டக் கோயிலுக்குக் கோபுரம் எழுப்பும் பேச்சு வந்தால், நிர்வாகக் கூட்டத்தில் முதலில் விரிவது வரைபடம்தான். மலிவு, திருத்துவது எளிது, கட்டட அனுமதிக்கும் அதுதான் வேண்டும். ஆனால் பால்மரம் வெட்டிக் காசு சேர்த்த பெரியவர்களுக்கு அந்தக் கோடுகளில் கோபுரம் தெரியாது.

மர மாதிரியைச் சுற்றிவந்து பார்க்கலாம். ரோமின் புனித பேதுரு பேராலயத்துக்குக் கட்டடக் கலைஞர் சங்கல்லோ வடிவமைத்த மாதிரி 7 மீட்டருக்கும் மேல் நீளம்; செய்து முடிக்க 1539 முதல் 1546 வரை ஆனது. பிறகு வந்த மைக்கேலாஞ்சலோ அந்த வடிவத்தையே ஒதுக்கிவிட்டார். குவிமாடத்துக்கு அவர் 1558-61இல் செய்வித்த மர மாதிரி, 1564இல் அவர் இறந்த பின்னும் கட்டுவோருக்கு வழிகாட்டியது. பின்னர் வந்த கட்டடக் கலைஞர் டெல்லா போர்ட்டா குவிமாடத்தைச் சற்று உயர்த்தி 1590இல் முடித்தார். ஆள் போனபின் யோசனையைக் காப்பாற்றியது மரம் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

மாதிரிக்கும் எல்லை உண்டு. சிறியதாக நிற்பது அதே விகிதத்தில் பெரிதாக்கினால் நிற்காமல் போகலாம். கலிலியோ 1638இலேயே விளக்கிவிட்டார். பாரக் கணக்கைப் பொறியாளரிடம் விடுங்கள். ஆனால் தோற்றத்தை முடிவுசெய்ய, செலவானாலும் மாதிரியே என் தேர்வு. ஸ்தபதியிடம் ஒப்பந்தம் போடுமுன் அதைக் கேட்டு வாங்கி, மண்டபத்தில் எல்லோரும் பார்க்க வையுங்கள்.