நார்ப் பாயில் கற்பிக்கும் கிரிக்கெட்: உடுமலைப் பக்கத்துச் சங்கம் ஒன்றைப் பற்றி

பொள்ளாச்சிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடையில், தென்னந்தோப்புகளை ஒட்டிய மைதானம் ஒன்றில் இயங்கும் கிரிக்கெட் சங்கத்தில் என் மகன் சில பருவங்களாகப் பயிற்சி பெற்று வருகிறான். பிள்ளைகளை முறையான கிரிக்கெட்டில் சேர்க்க எண்ணும் பெற்றோருக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இருக்கும் இரண்டு பயிற்சி வலைகள் தாங்குவதற்கு மேல் ஆள் சேர்ந்தால் ஒருவருக்கும் ஒழுங்காக முறை வராது என்பதால், பெயரை வெளியில் எழுத வேண்டாம் எனப் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் விளையாட்டில் ஈடுபாடுள்ள எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

சங்கத்தின் தொடக்கத்தைப் பற்றி மூத்த உறுப்பினர்கள் சொல்வது இதுதான். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் 183 ரன்களுக்கு ஆட்டமிழந்த இந்தியா, மேற்கிந்தியத் தீவுகளை 140 ரன்களில் சுருட்டி உலகக் கோப்பையை வென்றது. இரு அணிகளிலும் அதிகமாக, 38 ரன் எடுத்தவர் சென்னையின் ஸ்ரீகாந்த். அந்த வெற்றியின் உற்சாகத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களும், பள்ளி ஆசிரியர் சிலரும், தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்று சேர்ந்து, அறுவடை முடிந்த சோளக்காட்டில் ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். பின்னர் உறுப்பினர் ஒருவரின் குடும்பம் இப்போதைய நிலத்தைப் பெயரளவுக் குத்தகைக்குக் கொடுத்தது. பழைய ஸ்கோர் நோட்டுகள் அனைத்தையும் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 2009-இல் உடுமலைப்பேட்டை திருப்பூர் மாவட்டத்தோடு சேரும் வரை அவற்றின் அட்டையில் கோவை மாவட்டம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. புதிதாகச் சேரும் சிறுவர்களுக்கு அந்த நோட்டுகளைக் கொடுத்து ஸ்கோர் எழுதும் முறையைக் கற்பிப்பது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

இச்சங்கத்தின் உயிர் அதன் ஆடுகளத்தில் இருக்கிறது. புல் ஆடுகளத்துக்கு வேண்டிய களிமண்ணும், கனமான உருளையும், தவறாத தண்ணீரும் வாய்க்காத ஊர்களில் தென்னை நார்ப் பாயை விரித்து ஆடுவது தமிழ்நாட்டு மாவட்டக் கிரிக்கெட்டின் நெடுநாள் வழக்கம். நார்த் தொழிலுக்குப் பெயர் பெற்ற பொள்ளாச்சிப் பக்கத்தில் அந்தப் பாய் கிடைப்பதும் கடினமன்று. இறுக்கிய மண் தளத்தின் மேல் பாயை விரித்து, நான்கு பக்கமும் இழுத்து, இரும்பு ஆணிகளை அடித்து நிறுத்துகிறார்கள். நுணுக்கம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. விறைப்பாக இழுத்த பாயில் பந்து விரைந்து எழும்பும். சற்றே தளர்ந்த பாயில் நாரைக் கவ்விக்கொண்டு திரும்பும். ஒரு சுருக்கம் விழுந்தாலும் பந்து எங்கே போகும் என்று சொல்ல இயலாது என்பதால், மூத்தவர்கள் விடிவதற்கு முன்பே வந்து விரலால் தடவிப் பார்த்துப் பாயைச் சரிசெய்கிறார்கள். மட்டையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் பாய் விரிக்கவும், ஆணி அடிக்கவும், ஆட்டம் முடிந்ததும் சுருட்டி வைக்கவும் பழக வேண்டும் என்பது இங்கு மாறாத விதி. என் மகன் ஆடுகளத்தைப் படிக்கக் கற்றது இந்த வேலையில்தான். எந்த விளக்க வகுப்பும் அவனுக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

பாய் என்றால் ஏதோ மட்டமான மாற்று ஏற்பாடு என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் டெஸ்ட் போட்டிகளே பாய் விரித்து ஆடப்பட்டன. 1956-இல் கராச்சியில் அப்படிப்பட்ட ஆடுகளத்தில்தான் பாகிஸ்தானின் ஃபசல் மஹ்மூத் ஆஸ்திரேலியாவின் 13 விக்கெட்டுகளைத் விரல்களால் அறுத்துவிட்டுத் தரையில் பட்டதும் பக்கவாட்டில் திரும்பும் தம் கட்டர் பந்துகளால் வீழ்த்தினார். இங்கே பயிற்சியளிக்கும் பெரியவரும் வேகத்தைவிட விரல்களின் வேலையையே முதலில் கற்பிக்கிறார். ஆனாலும் பாயின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பந்து எப்போதும் நன்றாக எழும்பும் என்று பழகிய கண், புல் ஆடுகளத்தில் தாழ்ந்து வரும் பந்தைக் கண்டு தடுமாறுகிறது. பெரியவர்கள் அணி லீக் ஆட்டங்களுக்காகக் கல்லூரி மைதானங்களுக்குச் செல்லும்போது, பதினான்கு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களையும் உடன் அழைத்துச் சென்று அங்குள்ள வலையில் சிறிது நேரமேனும் ஆடவிட்டால் இந்தக் குறை பெரிதும் நீங்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் டென்னிஸ் பந்தில்தான் ஆடிப் பழகுகிறார்கள். அதன் எடை ஏறக்குறைய 58 கிராம். ஆடவர் கிரிக்கெட் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. இந்த இடைவெளியைக் கடக்க உதவ ஆளில்லாமல் திறமையுள்ள எத்தனையோ பேர் தெருவோடு நின்றுவிடுகிறார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர்; பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்து வீசும் வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்ற 2020-21 சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பின்னர் தம் ஊரிலேயே மைதானமும் அமைத்தார். அவர் பெயர் இங்கே நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது என்றாலும், அவரைக் காட்டிப் பிள்ளைகளுக்கு ஆசை மூட்டுவதில்லை. பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம் எடையுள்ள சிறிய பந்தையே கொடுக்கிறார்கள். அடி பட்டு அச்சம் பிடித்த பிள்ளைக்கு மீண்டும் டென்னிஸ் பந்தை நனைத்துப் போட்டு மெல்லக் கொண்டுவருகிறார்கள். டென்னிஸ் பந்துப் பழக்கத்தில் எல்லாவற்றையும் தூக்கி அடிக்கும் சிறுவர்களிடம் அந்தப் பெரியவர், “கண்ணு, மொதல்ல பந்த உட்டுப் பழகு, அடிக்கறது தன்னால வரும்” என்பார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை.

காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்த மைதானத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பழமொழியன்று. ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சிறு மரத்துண்டுகளான பெய்ல்ஸ் நிற்பதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் நடுவர்கள் இசைந்து பெய்ல்ஸ் இல்லாமலே ஆட்டத்தை நடத்தலாம் என்று கிரிக்கெட் விதிகளின் 8-ஆவது விதி அனுமதிக்கிறது. பல ஊர்களில் இந்த மாதங்களில் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். இச்சங்கமோ காற்றையே பாடமாக்குகிறது. காற்றை எதிர்த்து ஓடிவந்து வீசுவோர் தாளகதி கெடாமல் ஓடப் பழகுகிறார்கள். உயரே எழும்பிய பந்து எந்தப் பக்கம் இழுபடும் என்று கணித்துக் கீழே போய் நிற்கப் பிள்ளைகள் கற்கிறார்கள். உயரப் பந்தைப் பிடிப்பதில் இந்தச் சங்கத்துச் சிறுவர்கள் மற்ற அணிகளைவிடத் தேர்ந்திருப்பதற்குக் காரணம் இந்தப் பழக்கம் என்றே நான் கருதுகிறேன்.

கட்டணம் நகரத்துத் தனியார் அகாடமிகளில் வாங்குவதைவிட மிகக் குறைவு. அதுவும் பாய்க்கும் பந்துக்கும் புல் வெட்டும் கூலிக்குமே செலவாகிறது. கணக்கைக் கேட்டால் தயங்காமல் காட்டுகிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் ஒரு பிள்ளைக்கு மட்டை பிடிக்கும் முறை வர நெடுநேரம் ஆகிறது. வயதுக்கேற்ப நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் இது தீரும். பெண் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும் அளவிலேயே வருகிறார்கள். அவர்களுக்கு உடை மாற்ற ஓர் அறை இல்லை, மகளிருக்கு உரிய 140 முதல் 151 கிராம் எடையுள்ள பந்தும் வாங்கி வைக்கப்படவில்லை. ஆர்வத்தோடு வந்த ஒரு சிறுமி இந்தக் காரணங்களால் நின்றுபோனது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. இதைப் பொறுப்பாளர்களிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். அறை கட்டப் பணம் திரட்டுவதாகச் சொன்னார்கள். சங்கத்துப் பொதுப் பையில் இருக்கும் ஹெல்மெட்டுகள் பழையவை. மற்றக் கருவிகளை அங்கே எடுத்துக்கொள்ளலாம், ஹெல்மெட்டை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். பி.எஸ். 7928:2013 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ளதாகவும், பிள்ளையின் தலைக்குச் சரியாகப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். பின்கழுத்துக் காப்பையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

மட்டைக்குத் தொடக்கத்தில் பெருஞ்செலவு தேவையில்லை. காஷ்மீரில் விளையும் வில்லோ மரத்தாலான மட்டை ஒன்றை வாங்கி, ஆளி விதை எண்ணெய் தடவி, மரச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டிப் பழக்கினால் சில ஆண்டுகள் உழைக்கும். தட்டும் முறையைச் சங்கத்திலேயே காட்டித் தருகிறார்கள். ஆணி வைத்த ஸ்பைக் காலணி பாயைக் கிழித்துவிடும் என்பதால் அதை அணிந்து வருவோரை ஆடுகளத்தில் ஏற்றுவதில்லை; ரப்பர் அடி உள்ள வெள்ளைக் காலணி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாய் நனைந்து ஊறிவிடுவதால் அப்போது பயிற்சி விட்டுவிட்டுத்தான் நடக்கும். புதியவர்களைத் தைப் பொங்கல் கழிந்த பிறகு சேர்க்கிறார்கள். முதல் நாள் பெற்றோரும் உடன் வர வேண்டும், அதுவும் பாய் விரிக்கும் நேரத்துக்கே வந்துவிட வேண்டும்.