கார் ஏசி: 134ஏ கேஸா, 1234ஒய்எஃப் கேஸா?

கூலிங் குறைந்ததும் எந்த கேஸ் அடிப்பது என்று குழம்புகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் பெரும்பாலும் அங்கே ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

விலை: ஆர்134ஏ மலிவு, சாதாரண மெக்கானிக்கிடமும் கிடைக்கும். ஆர்1234ஒய்எஃப் பல மடங்கு அதிகம்.

குளிர்ச்சி: ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

தீ: 134ஏ பற்றாது. மற்றது லேசாகப் பற்றும். அதற்கான கருவி உள்ள இடத்துக்கே போங்கள்.

சூழல்: புவியைச் சூடாக்குவதில் 134ஏ கரியமில வாயுவைப் போல சுமார் 1,430 மடங்கு, 1234ஒய்எஃப் 4-ஐத் தாண்டாது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் 134ஏ-வை நிறுத்தியது இதனால்தான்.

சரி, எதைப் போடுவது? ஸ்டிக்கரில் உள்ளதையே. ஒய்எஃப் காருக்கு மலிவாக 134ஏ அடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இரண்டுக்கும் கேஸ் ஏற்றும் வாயே வேறு. எதுவானாலும் லீக் பார்த்து, வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள்.