லைட் பேட் தங்கம், பெக் பார் தகரம்

"விலை பாதியாயிருக்குடா, வாங்கிடவா?" என்று நண்பன் கேட்டு அனுப்பியிருந்தான். மூணு வருஷத்துக்கு மேல் என் மேஜையில் கிடக்கிற அதே ஏ4 எல்இடி லைட் பேட், அதாவது அடியிலிருந்து வெளிச்சம் கொடுத்து, கீழ்த்தாளின் கோட்டைப் பார்த்து மேல்தாளில் அனிமேஷன் படம் வரைய உதவுகிற பலகை. ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், கோபம் வந்துவிட்டது. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அளவு, தடிமன், யுஎஸ்பி விவரமெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது. வெளிச்சத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. எல்இடி இருப்பது ஓரத்தில் மட்டும்தான். அக்ரிலிக் தகட்டில் இருக்கிற பொடிப்பொடிப் புள்ளிகள் வெளிச்சத்தை மேலே திருப்பி விடுகின்றன. கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்தால், எல்இடி பக்கம் புள்ளிகள் சின்னதாக இருக்கும், தள்ளிப் போகப் போகப் பெரிதாகும். மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராகத் தெரிவது அந்த ஏற்பாட்டால்தான். சாதா 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பரை மூணு நாலு அடுக்கினாலும் அடித்தாளின் பென்சில் கோடு தெரிகிறது. மணிக்கணக்கில் எரிந்தாலும் சூடு இல்லை. ட்யூப் லைட் வைத்த மரப்பெட்டியில் மே மாதம் வரைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சனியன் கூட வருகிற பெக் பாரில் இருக்கிறது, அதாவது துளை போட்ட தாள்களை ஒரே இடத்தில் மாட்டி வைக்கிற முளைப் பட்டையில்.

நடுவில் ஒரு உருண்டை முளை, இரண்டு பக்கமும் தட்டை முளை. பெட்டியில் 'ஆக்மி ஸ்டாண்டர்டு' என்று, அனிமேஷன்காரர்களின் முளை அளவுக்கான பெயரை, பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். நிஜ ஆக்மியில் உருண்டை கால் அங்குலம், தட்டை அரை அங்குல நீளம், அரைக்கால் அங்குல அகலம், நடு முளையிலிருந்து நாலு அங்குலத்தில் உட்கார வேண்டும். உருண்டை தாளை இடம் பிடித்து வைக்கும், தட்டைகள் அதைத் திரும்ப விடாது. இவர்கள் கொடுத்த பிளாஸ்டிக்கில் நடு முளை ஒரு இழை ஒல்லி. அச்சு வார்த்த இடத்தில் பிசிறு வேறு. தாளை மாட்டி விரலால் தள்ளினால் இப்படியும் அப்படியும் நகர்கிறது. அடியில் இருந்த இரட்டைப் பக்க டேப் முதல் கோடையிலேயே வழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு இழைதானே என்று தோன்றும். சினிமாவில் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும், வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்குக் காட்டினாலும் வினாடிக்கு 12 தாள். ஆட்டுக்குட்டி தலையை மட்டும் திருப்புகிற ஒரு சின்னக் காட்சி வரைந்தேன். உடம்பும் காலும் அசையவே கூடாது. ஓட்டிப் பார்த்தால் குட்டி குளிர்காய்ச்சல் கண்டது மாதிரி நடுங்குகிறது. கோட்டில் தப்பே இல்லை, தாள்தான் தாளுக்குத் தாள் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் தலைவலிக்கு நூறு வயசுக்கு மேல். அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் வின்சர் மெக்கே 1914இல் கெர்டி டைனோசர் படத்தை வரைந்தபோது அவரிடம் முளையும் கிடையாது, துளையும் கிடையாது. மெல்லிய ரைஸ் பேப்பரின் மூலைகளில் குறி போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். பின்னணியிலிருக்கிற பாறையையும் ஏரியையும் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளைஞர் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைந்தார், ஆயிரக்கணக்கான தாள்களில். படத்தை உற்றுப் பார்த்தால் அந்தப் பாறைகள் லேசாகத் துடிப்பது தெரியும். அதே காலத்தில் நியூயார்க்கில் ஸ்டுடியோ நடத்திய மான்ட்ரியால்காரர் ராவுல் பாரே, தாளில் துளை போட்டு முளையில் மாட்டுகிற வழியைக் கொண்டுவந்தார். ஏர்ல் ஹர்ட் 1914இல், அசைகிற உருவத்தை 'செல்' என்கிற ஒளி ஊடுருவும் தகட்டில் வரைந்து பின்னணியின் மேல் வைக்கிற செல்லுலாய்டு முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த பிறகுதான் பின்னணியை ஒரே ஒரு தடவை வரைந்தால் போதும் என்று ஆனது. அந்த செல்லும் முளையில் சரியாக உட்கார்ந்தால்தான் வேலைக்கு ஆகும். மொத்தத் தொழிலும் மூணு முளையில் நிற்கிறது. அதைப் போய் இலவச இணைப்பு என்று கொடுக்கிறார்கள்!

அந்த வார்த்தை நான் சொன்னதில்லை. புகார் எழுதியதற்கு வந்த பதில்: பெக் பார் இலவச இணைப்பு, உத்தரவாதத்தில் வராது. சரி ஐயா, பெட்டியின் படத்தில் மட்டும் அதை முன்னால் வைத்து எதற்குக் காட்டினீர்கள்?

நல்ல எஃகு பெக் பார் வாங்கலாம். ஆனால் தாளில் அதற்கேற்ற துளை போடுகிற பஞ்ச் வேண்டுமே, அது இந்தப் பலகையைவிடப் பல மடங்கு விலை. துளை போட்டே வருகிற பேப்பர் கட்டு வாங்கினால் வீட்டு வாடகைக்குக் கை கடிக்கும். நான் கடைசியில் ஆபீஸ் பஞ்சுக்கு வந்தேன். இரண்டு துளை, நடுவுக்கு நடு 80 மில்லிமீட்டர், துளை 6 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் 6 எம்எம் கம்பி வாங்கி, லேத்காரரிடம் சொல்லி ஒரு அலுமினியப் பட்டையில் இரண்டு முளையாக இறுக்கி வாங்கினேன். பஞ்சின் ஓரத் தடுப்பில் தாளை எப்போதும் ஒரே பக்கமாக முட்டி வைத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆக்மிக்கு ஈடில்லை, பலதடவை புரட்டினால் துளை ஓரம் கிழியும், செலோ டேப் ஒட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ஆட்டுக்குட்டியின் நடுக்கம் நின்றது.

பட்டையைக் கீழ்ப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விரலிடுக்கில் தாள்களைச் செருகி மாற்றி மாற்றிப் புரட்டும்போதுதான் அசைவு கண்ணுக்குத் தெரியும். 'டேப்லெட்டில் ஓனியன் ஸ்கின் இருக்கே' என்பீர்கள். இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன், முந்தைய படம் மங்கலாகத் தெரியும். புரட்டும்போது கிடைக்கிற அந்தச் சின்ன ஓட்டம் அதில் வராது.

இன்னொரு குறை: ஸ்டுடியோ மேஜையின் வட்டத் தட்டு மாதிரி இது சுழலாது. வளைவுக் கோட்டுக்குப் பலகையையே திருப்ப வேண்டும், ஒயர் ரப்பரையும் பென்சிலையும் தள்ளிவிட்டுக்கொண்டு கூடவே வரும். பழகிவிட்டது.

ஆக, நண்பா, வாங்காதே. ஐந்துக்கு ரெண்டு நட்சத்திரம், அதுவும் வெளிச்சத்துக்காக. நான் இதே கம்பெனியின் ஏ3 பலகையைக் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன், பெக் பார் இல்லாமல் தனியாக விற்கிற பெட்டி. லேத்காரரிடம் நீளப் பட்டைக்கும் சொல்லியாயிற்று.